ட்ரோலிங் மோட்டாருக்குக் கைப்பிடியா, கால் பெடலா, ரிமோட்டா? பினாங்குக் கடலுக்கு எது ஒத்துவரும்?

பட்டர்வொர்த் தம்பி ஒருவர் கேட்ட கேள்வி இது. அவரிடம் 16 அடி ஃபைபர் படகு, பின்னால் 40 குதிரைச் சக்தி இன்ஜின். வாரக் கடைசியில் ஜெரஜாக் தீவைச் சுற்றியும் பூலாவ் அமான் பக்கமும் சியாக்காப், ஜெனஹாக், கெராப்பு மீன்கள். வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை படகை டிரெய்லரில் ஏற்றித் தெமெங்கோர் ஏரிக்குப் போய்த் தோமான் என்ற விரால் இன மீன். மீன் பிடிக்கும்போது படகைச் சத்தமில்லாமல் மெதுவாக நகர்த்தத்தான் இந்த ட்ரோலிங் மோட்டார். கடையில் மூன்று வகை எலெக்ட்ரிக் மோட்டார் காட்டியிருக்கிறார்கள்: கையால் திருப்புவது, காலால் மிதித்துக் கேபிளில் திருப்புவது, ரிமோட்டிலும் ஜிபிஎஸ்ஸிலும் தானே திரும்புவது. "விலை மலைக்கும் மடுவுக்கும் போல இருக்கிறதே, ஸ்டியரிங்குக்காக அவ்வளவு கொடுக்கணுமா?" என்கிறார்.

தம்பி, உங்கள் கணக்குக்குக் கொடுக்கத்தான் வேண்டும். முன்மூக்கில் பொருத்தும், மின்சாரத்தில் திரும்பும், ஜிபிஎஸ் நங்கூரம் (படகைத் தானே ஒரே இடத்தில் நிறுத்தும் வசதி) உள்ள 24 வோல்ட் மோட்டார்தான் உங்களுக்குச் சரி. ஆனால் இதையே ஏரியில் மட்டும் மீன் பிடிப்பவர் கேட்டிருந்தால் கேபிள் பெடல் என்று சொல்லியிருப்பேன். 12 அடி சம்பான் வைத்திருப்பவர் கேட்டிருந்தால், காசை வீணாக்காமல் கைப்பிடியை வாங்குங்கள் என்றிருப்பேன். மீன் பிடிக்கும்போது உங்கள் கையும் காலும் என்ன செய்துகொண்டிருக்கும், படகைத் தள்ளுவது காற்றா நீரோட்டமா என்ற இரண்டையும் பார்த்துத்தான் ஸ்டியரிங்கைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கடைக்காரர் பெரும்பாலும் மோட்டாரின் தள்ளுவிசையைச் சொல்லும் பவுண்டுக் கணக்கை மட்டும் பேசுவார்.

அந்தப் பவுண்டுக் கணக்கை முதலில் முடித்துவிடுவோம். முழுச் சுமையோடு படகு எத்தனை கிலோ என்று கூட்டுங்கள். படகின் ஓடு 350, இன்ஜின் 75, எண்ணெய் 20, மூன்று ஆள் 225, பேட்டரி 25, ஐஸ் பெட்டியும் சாமானும் 60 என்றால் சுமார் 755 கிலோ. 45 கிலோவுக்கு 2 பவுண்டு தள்ளுவிசை என்பது பொதுவான கணக்கு, அதன்படி 34 பவுண்டு வரும். அது அமைதியான ஏரிக்கு. கடலுக்கு அதில் பாதியாவது கூட்ட வேண்டும், 50 ஆகிறது. ஆக 12 வோல்ட் 55 பவுண்டு குறைந்தபட்சம். 24 வோல்ட் 80 பவுண்டு இருந்தால் மூச்சுவிட இடம் இருக்கும். ஜிபிஎஸ் நங்கூரம் போட்டு நிற்கப் போகிறீர்கள் என்றால் அந்த இடம் கட்டாயம் வேண்டும். ஏன் என்று கீழே வருகிறது.

கைப்பிடி வகை எளிது. பின்பலகையில் இரண்டு திருகுப் பிடியால் மாட்டுகிறோம், கைப்பிடியை முறுக்கினால் வேகம், இடம் வலம் தள்ளினால் திருப்பம். சாதாரண மாடல்களில் முன்னுக்கு 5 வேகம், பின்னுக்கு 3. பழுதாக அதில் அதிகம் ஒன்றுமில்லை. உப்பு நீர் குடிக்கும் சர்க்யூட் பலகை பெரும்பாலானவற்றில் கிடையாது, வேகச் சுவிட்சும் அதன் கம்பிகளும்தான். குறை என்னவென்றால், ஒரு கை எப்போதும் மோட்டாரில் இருக்க வேண்டும். தூண்டிலை இன்னொரு கையில் பிடித்துக்கொண்டு ஜெனஹாக்கைத் தூக்க முடியாது. இன்னொன்று, பின்னாலிருந்து தள்ளும் படகின் மூக்கைக் காற்று சட்டென்று திருப்பிவிடும். மாட்டு வண்டியைப் பின்னாலிருந்து தள்ளிப் பார்த்தால் புரியும். முன்னாலிருந்து இழுக்கும்போதுதான் படகு சொன்ன பேச்சைக் கேட்கும். கைப்பிடி மோட்டாரையே முன்மூக்கில் மாட்டுகிறவர்களும் உண்டு. சில மாடல்களில் தலையின் திருகைக் கழற்றி 180 பாகை திருப்பிப் பூட்டலாம், அப்போது கைப்பிடி உங்கள் பக்கம் வரும், படகும் முன்னோக்கி இழுபடும். திருப்பும்போது தண்டுக்குள் போகும் கம்பி முறுக்கிக்கொள்ளாமல் பார்க்க வேண்டும். முறுக்கினால் அன்றைக்கு ஓடும், பத்தாம் நாள் உள்ளே அறுந்து நிற்கும்.

கைப்பிடி வாங்குகிறவர்கள் கவனிக்காத ஒன்று, தண்டைப் பிடித்திருக்கும் இறுக்கத் திருகு. அதைத் தளர்த்தி வைத்தால் கையை எடுத்தவுடன் மோட்டார் தானாகச் சுழன்றுகொள்ளும். அழுத்தி முறுக்கினால் உள்ளிருக்கும் பிளாஸ்டிக் வளையம் தேய்ந்து, பிறகு எவ்வளவு முறுக்கினாலும் பிடிக்காது. கையை எடுத்தால் அப்படியே நிற்க வேண்டும், இரண்டு விரலால் தள்ளினால் திரும்ப வேண்டும். அந்த அளவு போதும்.

அடுத்தது கேபிள் பெடல். அமெரிக்காவில் ஃபார்கோ ஊரில் ஓ.ஜி. ஷ்மிட் 1934-இல் மோட்டார் கார் ஸ்டார்ட்டரை வைத்து எலெக்ட்ரிக் ட்ரோலிங் மோட்டார் செய்தார். அதிலிருந்து வந்ததுதான் மின் கோட்டா. மின்னசோட்டா, வடக்கு டகோட்டா என்ற இரண்டு மாநிலப் பெயரின் ஒட்டு அது, நம் 'மின்'னுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. காலால் திருப்பும் வகை பின்னால் வந்தது, ஏரியில் நின்றபடி பொய் இரை வீசுகிறவர்களுக்காக. இரண்டு கையும் தூண்டிலில் இருக்க வேண்டும், கண் மரக்கட்டையில் இருக்க வேண்டும், கால் படகை ஓட்ட வேண்டும். அந்த வேலைக்கு இன்றுவரை கேபிளை மிஞ்ச ஒன்றும் வரவில்லை.

பெடல் ஊஞ்சல் பலகை போல முன்னும் பின்னும் ஆடும். விரலை அழுத்தினால் வலம், குதிகாலை அழுத்தினால் இடம். அழுத்தும் அந்த நொடியிலேயே கேபிள் இழுபட்டுத் தண்டு திரும்பிவிடும், காத்திருக்க வேண்டியதில்லை. பாதம் எந்தச் சாய்வில் இருக்கிறதோ மோட்டார் அந்தத் திசையில் இருக்கிறது, குனிந்து பார்க்கவும் வேண்டாம். தெமெங்கோரில் மூழ்கிய மரங்களுக்கு நடுவே தோமான் குஞ்சுக் கூட்டத்தைத் துரத்தும்போது இதன் அருமை தெரியும். கூட்டம் இடப்பக்கம் எழுந்தால் ஒரே மிதியில் மூக்கு அங்கே திரும்பிவிடும்.

ஆனால் அதற்குரிய விலை உங்கள் முழங்கால். நாள் முழுக்க ஒரு காலில் எடை, இன்னொரு கால் பெடலில். பெடல் தரைமட்டத்துக்கு மேலே நின்றால் இடுப்பு ஒரு பக்கம் தூக்கியே இருக்கும். அதனால்தான் ஏரிப் படகுகளில் தளத்தை வெட்டிப் பள்ளம் செய்து பெடலை உள்ளே இறக்குகிறார்கள். நம் பக்கத்து ஃபைபர் படகுகள் பலவற்றில் முன்னால் தளமே கிடையாது, நங்கூரக் கயிறு போடும் முக்கோணப் பள்ளம்தான் இருக்கும். பெடலுக்காகத் தளம் கட்டினால் பலகை, சட்டம், கூலி எல்லாம் சேர்ந்து மோட்டாரில் மிச்சம் பிடித்த காசை விழுங்கிவிடும். கடைச் சீட்டில் இந்தச் செலவு தெரியாது.

அதோடு கேபிளுக்கு உப்பு ஆகாது. உறைக்குள் கடல்நீர் புகுந்து காய்ந்தால் உப்புப் படிகம் தங்கிவிடும். முதல் அறிகுறி காலில் தெரியும், குதிகாலை அழுத்தும்போது மணலில் செருப்புத் தேய்வது போல் ஒரு சொரசொரப்பு. அப்போதே உறையின் வாயில் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவி, காயவைத்து, சிலிக்கோன் எண்ணெய் விட்டால் பிழைக்கும். விட்டுவிட்டால் கம்பிப் பிரியில் ஒரு இழை அறுந்து ஊசி போல் வெளியே நீட்டும். அது வருவது பெரும்பாலும் பெடலுக்குள் கம்பி சுற்றி வளையும் இடத்தில், மூடியைக் கழற்றினால்தான் தெரியும். ஒரு இழை போனால் மற்றவை அதிக நாள் நிற்காது, உடனே மாற்றுங்கள். பழையதைக் கழற்றும் முன் போனில் படம் எடுங்கள். மோட்டாரை நேராக நிறுத்தி, பெடலைச் சமமாக வைத்து, இரண்டையும் மார்க்கரால் குறியுங்கள். இழுவிசைத் திருகைத் தளர்த்திக் கம்பியை எடுத்து, புதியதை இரண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கைச் சுற்றில் போடுங்கள். பெடலில் ஆட்டம் இல்லாமலும், ஒரு விரலால் தள்ளினால் நகரும்படியும் இறுக்குங்கள். அளவுக்கு மீறி இறுக்கினால் உறை உள்ளிருந்தே தேயும்.

மூன்றாவது மின்சாரத்தில் திரும்புவது. தலைக்குக் கீழே ஒரு சின்ன மோட்டாரும் பற்சக்கரமும் தண்டைச் சுழற்றும். பெடலோ ரிமோட்டோ வெறும் சுவிட்ச்தான். கெட்டிக் கேபிள் இல்லை, மெல்லிய வயர் போதும், சிலவற்றில் வயரும் இல்லை. பெடலைப் பின்தளத்துக்கும் கொண்டுபோகலாம், ரிமோட்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு இன்ஜின் பக்கம் உட்கார்ந்தே ஓட்டலாம். முன்னால் ஒருவர், பின்னால் இருவர் என்று மீன் பிடிக்கும் படகில் இது பெரிய வசதி.

குறையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இது மெதுவாகத் திரும்பும். பொத்தானை அழுத்திய பிறகு தண்டு சுழன்று நிற்க நேரம் எடுக்கும், புதிதாக ஓட்டுகிறவர்கள் எல்லை தாண்டித் திருப்பிவிட்டு மறுபடி எதிர்ப்பக்கம் திருப்புவார்கள். மோட்டார் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதைக் கால் சொல்லாது, தலையிலுள்ள அம்புக்குறியைப் பார்க்க வேண்டும். திரும்பும்போது ஒரு முனகல் சத்தமும் வரும். ஆற்று வாயில் ஒரு மீட்டர் தண்ணீரில் சியாக்காப் பிடிக்கும்போது அந்தச் சத்தம் பிடிக்காதவர்கள் உண்டு, அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

கார்மின் ஃபோர்ஸ் போன்ற சில மாடல்கள் வயரில்லாப் பெடலிலேயே கேபிள் போன்ற உணர்வைக் கொண்டுவந்திருக்கின்றன. மின் கோட்டாவின் அல்ட்ரெக்ஸ் கேபிளையும் ஜிபிஎஸ்ஸையும் ஒன்றாக வைத்திருக்கிறது. இரண்டும் நல்ல சாமான், ஆனால் விலை வேறு உயரத்தில். அல்ட்ரெக்ஸில் கேபிளின் பராமரிப்பும் எலெக்ட்ரானிக்ஸின் பராமரிப்பும் சேர்ந்து உங்கள் தலையில் விழும்.

இனி ஜிபிஎஸ் நங்கூரம். ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு பெயர் வைத்திருக்கிறது, மின் கோட்டா சொல்லும் ஸ்பாட் லாக்தான் ஊரில் அதிகம் அடிபடும் பெயர். பொத்தானை அழுத்தினால் அந்த இடத்தை மோட்டார் நினைவில் வைத்து, படகு நகர நகரத் தானே திரும்பி, வேகத்தைக் கூட்டிக் குறைத்து அங்கேயே நிறுத்தும். இந்த வேலையைக் கேபிளால் மட்டும் செய்ய முடியாது, திருப்புவதற்கு உள்ளே ஒரு மோட்டார் இருந்தாக வேண்டும். மின்சார ஸ்டியரிங்குக்கு நீங்கள் கொடுக்கும் காசு உண்மையில் இதற்குத்தான்.

பினாங்கு நீரிணையில் இது ஏன் முக்கியம் என்று பார்ப்போம். நாளுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். அமாவாசை, பௌர்ணமி ஒட்டிய நாள்களில் நீர்மட்ட வித்தியாசம் 2 மீட்டரைத் தாண்டும், அவ்வளவு தண்ணீரும் ஆறு மணி நேரத்தில் ஓடியாக வேண்டும். ஜெரஜாக்குக்கும் பெரிய தீவுக்கும் நடுவில் இருப்பது போன்ற ஒடுங்கிய இடத்தில் அது இறுகி ஓடும். பாறை ஓரத்தில் கெராப்பு நிற்கும் குழி ஒரு சாப்பாட்டு மேசை அளவுதான். கயிற்று நங்கூரம் போட்டுச் சரியாக அதன் மேல் நிற்பது பெரும்பாடு. ஒரு தடவை தவறினால் இழுத்து மறுபடி போட வேண்டும், பாறையில் சிக்கினால் நங்கூரமே போய்விடும். ஜிபிஎஸ் நங்கூரத்தில் பொத்தானை அழுத்திவிட்டு, ஒன்றரை மீட்டர் முன்னே, இடமே என்று தட்டித் தட்டி நகர்த்திக்கொள்ளலாம்.

ஆனால் ஓட்டத்தின் கணக்கு ஈவிரக்கமில்லாதது. ஓட்டம் இரண்டு மடங்கானால் அதை எதிர்த்து நிற்கத் தேவையான தள்ளுவிசை நான்கு மடங்கு. ஒரு நாட் (மணிக்குச் சுமார் 1.85 கிலோமீட்டர்) ஓட்டத்தில் சும்மா நிற்கும் மோட்டார், இரண்டு நாட் ஓட்டத்தில் நான்கு மடங்கு மூச்சு வாங்கும். இப்படிப்பட்ட படகை எலெக்ட்ரிக் மோட்டார் முழு வேகத்தில் தள்ளினாலும் மூன்று நாட் வாக்கில்தான் போகும். 12 வோல்ட் 55 பவுண்டு மோட்டார் முழு வேகத்தில் 50 ஆம்ப் இழுக்கும். 100 ஆம்ப்-மணி ஈயப் பேட்டரியில் பாதியைத்தான் எடுக்கலாம், ஆக ஒரு மணி நேரத்தில் கதை முடிந்தது. 80 பவுண்டு மோட்டார் அதே வேலையை முக்கால் மூச்சுக்கும் குறைவில் செய்யும். மேலே சொன்ன மூச்சுவிடும் இடம் இதுதான். அஷ்டமி ஒட்டிய மந்தமான நாள்களிலும், ஏற்றம் வற்றம் மாறும் முன்பின் நேரத்திலும் 55 போதும். அமாவாசை ஏற்றம் பாதியில் இருக்கும் உச்ச ஓட்டத்தில் எதை வைத்திருந்தாலும் கயிற்று நங்கூரம்தான். ஆகவே அதைக் கரையில் விட்டுவிட்டு வராதீர்கள். கப்பல் பாதை ஓரத்தில் மோட்டாரை மட்டும் நம்பி நிற்பதும் வேண்டாம். பேட்டரி தீர்ந்தால் அது முன்கூட்டிச் சொல்லிவிட்டுத் தீராது.

ஜிபிஎஸ் நங்கூரம் போட்டும் படகு ஓரிடத்தில் நிற்காமல் நாய் வாலைத் துரத்துவது போலச் சுற்றுகிறது என்று பலர் சொல்வார்கள். பெரும்பாலும் மோட்டார் கெட்டிருக்காது. முதலில் திசை உணர்வியைப் பாருங்கள். தனிப் பெட்டியாக வரும் மாடலில் அதை முன்மூக்கில், படகின் நடுக்கோட்டுக்கு நேராகப் பொருத்த வேண்டும். அது ஒரு காந்தத் திசைகாட்டி. இரும்பு நங்கூரம், ஸ்பீக்கர், மோட்டாரின் தடித்த பவர் வயர் எதுவும் 60 செண்டிமீட்டருக்குள் இருக்கக் கூடாது. பல படகில் நங்கூரம் அதன் மேலேயே கிடக்கும். பிறகு திசைகாட்டியைச் சீர்செய்ய வேண்டும், அதற்குக் காற்றில்லாத காலையில் திறந்த தண்ணீரில் மெதுவாக வட்டமடிக்க வேண்டும். இதை ஜெட்டி ஓரத்தில் செய்தால் இரும்புத் தூண்கள் குழப்பிவிடும். அடுத்தது வானம். பாலத்துக்கு அடியில் போனால் தலைக்கு மேல் கான்கிரீட், செயற்கைக்கோள் சமிக்ஞை உடைந்து இடம் தாவும். தாவிய இடத்தை நோக்கி மோட்டார் முழு வேகத்தில் ஓடும், தூண் பக்கத்தில் இருந்தால் விபத்து. கடைசியாகத் தண்டு நீளம்.

தண்டு நீளத்தில் தவறியவர்கள்தான் அதிகம். ஃபைபர் படகின் மூக்கு உயரமாகத் தூக்கியிருக்கும். பொருத்தும் இடத்திலிருந்து நீர்மட்டம் வரை செங்குத்தாக அளந்து பாருங்கள், ஆள்களும் சாமானும் ஏறிய பிறகு. 22 முதல் 28 அங்குலம் என்றால் 54 அங்குலத் தண்டு, அதற்குக் கீழே 16 முதல் 22 என்றால் 48. இது ஏரிக் கணக்கு, கடலுக்கு 5 அங்குலம் கூட்ட வேண்டும். உங்கள் படகு 24 அங்குலம் வாக்கில் இருக்கும், ஆக 60 அங்குலம் வாங்குங்கள். விசிறியின் மேல் நுனி நீருக்குக் கீழே ஓர் அடியாவது இருக்க வேண்டும். ஃபெரி அலையோ கப்பல் அலையோ வந்து மூக்கு தூக்கும்போது விசிறி காற்றை அள்ளினால் "கர்ர்" என்று அலறும், பிடிப்பு போகும், ஜிபிஎஸ் அதை ஈடுகட்ட வேகத்தைக் கூட்டும், பேட்டரி கரையும். நீளம் கூடினால் ஏற்றிக் கட்டிக்கொள்ளலாம், குறைந்தால் ஒட்டுப்போட முடியாது.

பொருத்தும் இடத்தைப் பற்றிக் கொஞ்சம். இந்த மோட்டார்கள் 20 முதல் 30 கிலோ கனம், அலையில் அது சுத்தியல் போல அடிக்கும். ஃபைபரில் வெறும் ஸ்குரூ போடாதீர்கள். அடியில் 18 மில்லிமீட்டர் மரைன் பிளைவுட்டோ அலுமினியத் தட்டோ முட்டுக் கொடுத்து, 316 தர ஸ்டெயின்லெஸ் போல்ட்டும் நைலான் பூட்டு நட்டும் போட்டு, ஒவ்வொரு துளையிலும் மரைன் சீலன்ட் அடைத்து இறுக்குங்கள். மூக்கு கூர்மையாக இருந்தால் தட்டையான பலகை ஒன்றைப் பக்கவாட்டில் நீட்டிப் பொருத்தலாம், நடுவிலிருந்து கொஞ்சம் தள்ளியிருப்பதால் ஒன்றும் குடிமுழுகாது. மோட்டாரை மடக்கிப் படுக்கவைத்தால் தண்டு எங்கே வருகிறது என்று முதலில் அட்டையில் வரைந்து பாருங்கள். 60 அங்குலத் தண்டு பல படகில் முன் ஆளின் மடிக்கே வரும்.

வயரிங்கில் கஞ்சத்தனம் செய்தால் ஸ்டியரிங்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். மெல்லிய வயரில் வோல்ட் இறங்கும், முழு வேகத்தில் ஓடும்போது திருப்பும் மோட்டார் சோம்பிப் போகும், ஜிபிஎஸ் பலகை அணைந்து அணைந்து வரும். பேட்டரியிலிருந்து மோட்டார் வரை ஒரு வழி 5 மீட்டர் என்றால், 12 வோல்ட் 55 பவுண்டுக்கு 25 சதுர மில்லிமீட்டர் வயர் வேண்டும். 24 வோல்ட் 80 பவுண்டுக்கு 16 போதும். 24 வோல்ட் வாங்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். வெள்ளீயம் பூசிய மரைன் வயராக இருக்கட்டும், வெறும் செம்பு ஆறு மாதத்தில் பச்சை பூத்துவிடும். பேட்டரியிலிருந்து 1.8 மீட்டருக்குள் 60 ஆம்ப் டிசி பிரேக்கர். வீட்டு மின் பெட்டியில் வரும் ஏசி பிரேக்கர் மலிவு என்று போடாதீர்கள், டிசி மின்பொறியை அணைக்க அது செய்யப்பட்டதல்ல. லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி எடுத்தால் இரண்டு விஷயம் கேளுங்கள்: பிஎம்எஸ் (பேட்டரிக்குள் இருக்கும் காவல் பலகை) தொடர்ந்து 60 ஆம்புக்கு மேல் கொடுக்குமா, இரண்டைத் தொடராக இணைத்து 24 வோல்ட் ஆக்கலாமா. இரண்டாவதை எல்லாப் பேட்டரியும் ஏற்காது. இன்ஜின் ஸ்டார்ட் பேட்டரியைத் தொடவே வேண்டாம், அது வீடு திரும்புவதற்கு. மீன் காட்டும் கருவிக்கும் தனிப் பேட்டரி கொடுத்தால் திரையில் கோடுகோடாய் வரும் தொல்லை போகும்.

கடலில் ஓட்டப் போகும் மோட்டார் கடலுக்கென்று செய்ததாக இருக்கட்டும். தண்டின் கீழே துத்தநாகக் கட்டி இருக்கிறதா பாருங்கள். அது தான் அரிக்கப்பட்டு மோட்டாரின் உடலைக் காக்கும், பாதி கரைந்ததும் மாற்றுங்கள், அழகுக்காக அதன் மேல் பெயின்ட் அடிக்காதீர்கள். ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கழுவுங்கள். கார் கழுவும் பிரஷர் பைப் சீலைத் தாண்டித் தண்ணீரை உள்ளே தள்ளிவிடும். மூன்று நான்கு பயணத்துக்கு ஒருமுறை பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு விசிறியையும் கழற்றிப் பாருங்கள். தங்கூசியோ பின்னல் நூலோ விசிறிக்குப் பின்னால் சுற்றியிருக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. அந்த நூல் ரப்பர் சீலை மெல்ல அறுக்கும், தண்ணீர் உள்ளே போகும், ஒரு நாள் மோட்டார் பேசாமல் நிற்கும். பைக்குள் இரண்டு ஷியர் பின் (விசிறியைச் சுழல்தண்டோடு கோக்கும் ஊசி), ஒரு விசிறி நட்டு, ஒரு ஸ்பேனர் எப்போதும் கிடக்கட்டும்.

மின்சார ஸ்டியரிங் கடலில் திரும்ப மறுத்தால் வரிசையாகப் பாருங்கள். மோட்டாரை ஓடவிட்டு பிளக்கில் வோல்ட் அளங்கள். 12 வோல்ட் அமைப்பில் 11-க்குக் கீழே இறங்கினால் பேட்டரியோ வயரோ முனையோதான், மோட்டாரைத் திறக்காதீர்கள். வோல்ட் சரி, உள்ளே ரீங்காரம் கேட்கிறது, தண்டு மட்டும் அசையவில்லை என்றால் பல் தேய்ந்திருக்கிறது அல்லது நூல் தண்டில் இறுகியிருக்கிறது. கட்டையில் முட்டிய பிறகு வந்தால் பெரும்பாலும் பல். ரிமோட்டில் திரும்புகிறது, பெடலில் இல்லை என்றால் பெடல் பிளக்கின் ஊசிகளில் பச்சை பூத்திருக்கும். பெடலில் சரி, ரிமோட்டில் இல்லை என்றால் ரிமோட் பேட்டரி, இல்லையேல் மறுபடி இணைக்க வேண்டும். சுருள் வயர் உள்ள மாடலில் தண்டு ஒரே பக்கம் பல சுற்றுச் சுற்றினால் வயர் இறுக்கி அறுக்கும், நாளுக்கு இரண்டு தடவை பார்த்து எதிர்ப்பக்கம் சுற்றி அவிழ்த்துவிடுங்கள். ரிமோட்டுக்குக் கழுத்துக் கயிறு கட்டுங்கள், இரண்டாவதாக ஒன்றை வாங்கிப் பெட்டியில் வையுங்கள். அது தண்ணீரில் விழுந்தால் படகு நங்கூரத்திலேயே நிற்கும், மோட்டார் தலையில் அணைக்கும் பொத்தான் எங்கே என்று முதல் நாளே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய இன்ஜினின் விசிறிக்கு மேலுள்ள தட்டிலேயே பூட்டி, இன்ஜின் ஸ்டியரிங்கோடு சேர்ந்து திரும்பும் ஒரு வகையும் உண்டு. முன்மூக்கில் இடமே இல்லாதவர்களுக்கு அது. ஜிபிஎஸ் நங்கூரம் போட முடியாது, காற்றில் மூக்கு அலையும். உங்களுக்கு வேண்டாம்.

உங்கள் கேள்வியில் மிச்சமிருப்பது தெமெங்கோர். மின்சார ஸ்டியரிங்கில் தோமானைத் துரத்த முடியுமா? முடியும், கொஞ்சம் பழக வேண்டும். ரிமோட்டை விட்டுவிட்டு வயர் பெடலை மாட்டுங்கள், அது ரிமோட்டைவிடச் சீக்கிரம் வேலை செய்யும். வேகத்தைத் தாழ்வாக வைத்து, திருப்பத்தைப் பாதி முன்னாலேயே தொடங்குங்கள். மரங்களுக்கு நடுவே ஜிபிஎஸ் பாதையைப் போட்டு ஓட்டாதீர்கள், நீருக்கடியில் கட்டை இருப்பது அதற்குத் தெரியாது. அங்கே போகும்போது துத்தநாகக் கட்டி அப்படியே இருக்கட்டும், நன்னீரில் அது அவ்வளவாக வேலை செய்யாவிட்டாலும் கெடுதல் இல்லை.

கடைக்குப் போகும்போது மூக்கு உயர அளவையும் 755 கிலோக் கணக்கையும் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். கடைக்காரரிடம் மூன்று கேள்வி: திருப்பும் பற்சக்கரமும் பெடலும் தனியாக உதிரிக்குக் கிடைக்குமா, திசை உணர்வி பெட்டியிலேயே வருமா அல்லது தனிக் காசா, பழுதானால் எங்கே அனுப்புவீர்கள். மூன்றாவதுக்குப் பினாங்கிலோ பட்டர்வொர்த்திலோ ஒரு பட்டறையைக் கைகாட்ட முடியாத கடையில், விலை எவ்வளவு குறைந்தாலும், ஜிபிஎஸ் மோட்டார் வாங்க வேண்டாம்.